கொதிக்கவைத்தாலும் போகாதது

மாத்தளை மாவட்டத்தில் குடிநீர் பரிசோதிக்கப் புறப்படுகிறவர் இரண்டு பைகள் வைத்திருக்க வேண்டும். ரத்தோட்டை, எல்கடுவ, கந்தேநுவர என்று நக்கிள்ஸ் மலைப் பக்கம் ஏறுகிற நாளுக்கு ஒன்று. கலேவெல, தம்புள்ளை, வில்கமுவ என்று வெயிலுக்குள் இறங்குகிற நாளுக்கு இன்னொன்று. முதல் பையில் ஸ்பிரிட், பஞ்சு, கிருமி நீக்கிய போத்தல்கள், வடிதாள்கள், கையில் தூக்கிச் செல்லும் சின்ன இன்கியூபேட்டர். இரண்டாவதில் பிளாஸ்டிக் போத்தல்களும் சொட்டுச் சொட்டாக விடும் இரசாயனங்களும். மலையில் தண்ணீரோடு வருவது உயிருள்ளது. மழையைப் பார்த்து வரும், போகும். கீழே வருவது பாறை கரைந்தது. அது எங்கும் போவதில்லை.

தோட்டத்து லயத்தில் பிறந்து, உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலையில் தொடங்கி இந்தத் தொழிலுக்கு வந்த ஒரு பெண்ணின் அனுபவம் இது. தோட்டங்களில் அவரைத் ‘தண்ணி மிஸ்’ என்பார்கள். இங்கும் அவர் தண்ணி மிஸ்ஸாகவே வரட்டும்.

அவர் போகிற இடங்களில் பெரும்பாலும் நீர் வழங்கல் சபையின் குழாய்நீர் கிடையாது. ஊற்றுக்கு ஒரு தொட்டி, அங்கிருந்து ஒரு பைப், சில பத்துக் குடும்பங்கள், ஒரு தலைவர், ஒரு பொருளாளர், ஒரு ரசீதுப் புத்தகம். இப்படிப்பட்ட சின்னத் திட்டங்களைக் கவனிக்கவென்றே 2014இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் உருவாக்கப்பட்டது. ஆனால் மழை பெய்த மறுநாள் கலங்கலாக வந்த தண்ணீருக்கு முதலில் ஏச்சு வாங்குகிறவர் ஊர்த் தலைவர்தான்.

ஊருக்குள் கால் வைத்ததும் யாராவது ஒருவர் ஜிஞ்சர்பியர் போத்தலை நீட்டுவார். “இந்தாங்க மிஸ், காலையிலேயே பிடிச்சு வச்சிட்டோம்.” தண்ணி மிஸ் அதை நன்றியோடு வாங்கி, அவர் அந்தப் பக்கம் போனதும் செடிக்கு ஊற்றிவிடுவார். பரிசோதனை என்றால் மெஷினில்தான் எல்லாம் இருக்கிறது என்று மக்கள் நினைக்கிறார்கள். பாதி வேலை போத்தலிலேயே முடிந்துவிடுகிறது. கிருமி பார்க்கும் போத்தலை முன்னமே அவித்துக் கிருமி நீக்கி, கழுத்துக்கு அலுமினியத் தாள் சுற்றியிருக்க வேண்டும். குளோரின் கலந்த தண்ணீர் என்றால் போத்தலுக்குள் கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வுகூடம் போய்ச் சேரும் வரைக்கும் குளோரின் போத்தலுக்குள்ளேயே கிருமிகளைக் கொன்றுகொண்டு வரும். ஊரில் குடித்த தண்ணீர் ஒன்று, அறிக்கையில் வரும் தண்ணீர் வேறொன்று ஆகிவிடும்.

அடுத்தது குழாய். வாயில் கட்டியிருக்கும் துணியையும் ரப்பர் குழாயையும் கழற்றி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் குழாய் வாயைச் சுட்டு, மறுபடி திறந்து பிடிக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. புத்தகம் எழுதியவர்கள் பித்தளைக் குழாயை நினைத்து எழுதியிருக்கிறார்கள். இப்போது லயங்களில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக் குழாய். சுட்டால் உருகும், பிறகு யார் வாங்கிக் கொடுப்பது? அங்கே குளோரின் கரைசலில் தோய்த்த பஞ்சால் துடைப்பதோடு சரி. மூடியைத் தரையில் வைக்கக் கூடாது, உள்பக்கம் விரல் படக் கூடாது, போத்தலை முட்ட நிரப்பக் கூடாது. ஐஸ் போட்ட ரிஜிபோம் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள், மிஞ்சினால் 24 மணி நேரத்துக்குள், பரிசோதனை தொடங்கிவிட வேண்டும். ரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு பஸ்ஸில் வந்துவிடலாம். தூரத்துத் தோட்டங்களிலிருந்து வருவதற்குள் ஐஸ் தண்ணீராகிவிடும்.

அதனால்தான் அந்தச் சின்ன இன்கியூபேட்டர். 1980களில் இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்தில் ஆக்ஸ்ஃபாம் நிறுவனத்துக்கென்று உருவாக்கப்பட்ட வகை அது. அகதி முகாம், வெள்ளம், பூகம்பம் என்று உலகம் முழுதும் சுற்றியது. 100 மில்லிலீற்றர் தண்ணீரைக் கட்டம் போட்ட வட்டத் தாள் ஒன்றின் வழியே உறிஞ்சி எடுப்பார்கள். தாளின் துளை ஒரு மில்லிமீற்றரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியது. பாக்டீரியா தாண்ட முடியாது. அந்தத் தாளை ஊட்டக் கரைசலில் நனைத்த பஞ்சட்டை மேல் பரப்பி 44 பாகை வெப்பத்தில் இரவு முழுக்க வைத்தால், காலையில் மஞ்சள் புள்ளிகள் எழும்பியிருக்கும். ஏன் 44 என்றால், மனிதர், விலங்குகளின் குடலில் வாழ்ந்து பழகியவை அந்தச் சூட்டையும் தாங்கிப் பெருகும். மண்ணிலும் இலையிலும் வாழ்கிறவற்றில் பெரும்பாலானவை ஒடுங்கிப்போகும். புள்ளிகளை எண்ணுவதுதான் முடிவு. இலங்கையின் குடிநீர்த் தரம் எஸ்.எல்.எஸ். 614 இந்த இடத்தில் பேரம் பேசுவதில்லை: 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இதைவிட மலிவான வழி ஒன்றும் உண்டு. தண்ணி மிஸ்ஸுக்கு அதன் மேல் தனிப் பிரியம். 1982இல் குவாலியரில் இருந்த இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தின் மாஞ்சா, மௌர்யா, ராவ் என்ற மூவர் உலகச் சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் எழுதிய முறை. இரும்பு உப்பும் ஊட்டச்சத்தும் ஊறிக் காய்ந்த காகிதத் துண்டு போட்ட சின்னப் போத்தலில் தண்ணீர் ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு இரவு வைக்க வேண்டும். மலத்தோடு வருகிற கிருமிகளில் பல ஐதரசன் சல்பைட் வாயுவை விடும். அது இரும்போடு சேர்ந்தால் தண்ணீர் கறுத்துவிடும். மின்சாரம் வேண்டாம், நுணுக்குக்காட்டி வேண்டாம், எண்ணத் தெரிய வேண்டாம். நிலத்தடியில் இயல்பாகவே சல்பைட் உள்ள கிணற்றில் பொய் சொல்லும் என்ற குறை உண்டு. மலை ஊற்றுகளில் அந்தத் தொல்லை அபூர்வம்.

அந்தப் போத்தல் வேலை செய்த விதத்தை ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவர் பார்த்தார். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ஊற்றடியில் யாரோ மாடு கட்டுகிறார்கள் என்று கீழ் லயத்தார் சொன்னார்கள். மாடு கட்டுகிறவர் காட்டுப்பன்றியைச் சொன்னார். தோட்டத்துக் காரியாலயம், லயத்தார் கை கழுவுவதில்லை என்று சொன்னது. தண்ணி மிஸ் ஒன்றும் பேசாமல் ஊற்றுவாயிலிருந்து தொடங்கி, தொட்டியில், வழியில் இருந்த வால்வில், கடைசியில் லயத்துப் பீலியில் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு போத்தல் பிடித்தார். இரவு அங்கே நல்ல குளிர். கிருமி வளர அது போதாது. ஒரு அம்மா போத்தல்களைத் துணியில் சுற்றி, அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் தட்டில், சூடு அதிகம் ஏறாத ஓரத்தில் வைத்தார். விடியும்போது பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள். ஊற்றுப் போத்தலும் தொட்டிப் போத்தலும் வைத்தபடியே இருந்தன. வால்வுப் போத்தலில் இலேசான மங்கல். பீலிப் போத்தல் மைக்கறுப்பு.

மாடும் பன்றியும் தப்பித்தன. வால்வுக்குக் கீழே பைப் லயத்துக் கழிவுநீர்க் கானோடு சேர்ந்து போகிறது. ஓரிடத்தில் மூட்டு விட்டிருந்த பைப்பைச் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் ஓடும்போது அந்த மூட்டு வெளியே கசியும். யாருக்கும் கெடுதல் இல்லை. காலையும் மாலையும் மட்டும் திறந்துவிடுகிற பைப் அது. மூடியதும் உள்ளே இருந்த தண்ணீர் பள்ளத்துக்கு இறங்க, பைப் வெறுமையாகி, அதே மூட்டு வழியாகக் கானில் நிற்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெயில் நாளில் கான் காய்ந்து கிடக்கும். மழை நாளில் நிரம்பி நிற்கும். வயிற்றோட்டம் மழையோடு வந்ததன் கணக்கு இதுதான். நேரம் வைத்துத் தண்ணீர் விடுகிற எந்த ஊரிலும், கொழும்பானாலும் சென்னையானாலும், இதே கதை நடக்கலாம்.

மூட்டைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. யார் செய்வது என்பதற்குத்தான் நாளாயிற்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளைப் பிரதேச சபையின் வேலைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தது. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. தோட்டக் கம்பனியும் பிரதேச சபையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் பழக்கம் சட்டத்தோடு சேர்ந்து திருந்தவில்லை. கடைசியில் லயத்து இளைஞர்களே பைப்பைக் கானிலிருந்து தூக்கி மேட்டில் போட்டார்கள்.

அதற்குப் பிறகு குளோரின் சண்டை. 5,000 லீற்றர் தொட்டிக்கு லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் 10 கிராம் குளோரின் வேண்டும். பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், ஆகவே 30 கிராம் பவுடர். இந்தக் கணக்கைத் தண்ணி மிஸ் தொட்டிச் சுவரிலேயே எழுதிவைப்பார். கணக்கு சரியாக இருந்தும் காரியம் கெடுவது பவுடர் பையால்தான். பனி மூட்டத்தில் வாய் திறந்து கிடக்கும் பையில் சில வாரங்களில் வீரியம் போய்விடும். சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிக்கொண்டு மருந்து போட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். சந்தேகம் தீர்க்க ஒரு மாத்திரை இருக்கிறது: டி.பி.டி. பத்து மில்லிலீற்றர் தண்ணீரில் போட்டு நசுக்கினால், குளோரின் எவ்வளவோ அவ்வளவுக்கு ரோஸ் நிறம். கடைசி வீட்டுக் குழாயில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

“தேத்தண்ணியில ஆஸ்பத்திரி வாடை அடிக்குது மிஸ்.” தேயிலைத் தோட்டத்தில் இது சின்னப் புகார் இல்லை. மலை ஊற்றுத் தண்ணீரை மருந்துத் தண்ணீராகவே கருதுகிற பெரியவர்களிடம் அதில் மருந்து போட வேண்டும் என்று சொல்வது எப்படி? கிருமி என்ற பேச்சு அவர்களிடம் எடுபடவில்லை. 2007இல் கம்பளையில் மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ் ஏ, ஊர் ஊராகப் பரவியது பலருக்கு ஞாபகம் இருந்தது. சொந்தக்காரர் படுத்ததைச் சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் பேச முடிந்தது. கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிப்பவர்களுக்கு வாடையும் போய்விடும், கிருமியும் போய்விடும் என்று முடித்தார்.

அந்தக் கொதிக்கவைக்கிற அறிவுரைதான் மாவட்டத்தின் மறுபாதியில் காலை வாருகிறது.

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை தூக்கவும் கடையில் நிற்கவும் தோட்டங்களிலிருந்து பலர் இறங்கிவிட்டார்கள். அப்படிப் போய்க் கலேவெலப் பக்கம் குடியேறிய குடும்பம் ஒன்றில், தாய் ஒரு சொட்டுத் தண்ணீரையும் கொதிக்கவைக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில்லை. வீட்டுக் குழாய்க்கிணறு கண்ணாடி மாதிரித் தெளிவு, கிருமி ஏதுமில்லை. மூத்தவனின் முன்பற்களில் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையில் குறுக்குக் கோடுகள், ஓரிரண்டு இடத்தில் பழுப்பு. பல் துலக்குவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் அவனுக்குத் திட்டு. தண்ணி மிஸ் இரண்டாவது பையைத் திறந்தார். சிர்க்கோனியம் சேர்ந்த சிவப்புச் சாயத்தைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டார். புளோரைடு கூடக்கூட அந்தச் சிவப்பு வெளிறும். அன்று கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு வெளிறியது.

மாத்தளையின் வடபகுதியும் அதைத் தாண்டிய வட மத்திய மாகாணமும் நிற்கிற பழைய உருமாறிய பாறைகளில் புளோரைடு தாங்கிய கனிமங்கள் உண்டு. மழை குறைந்த இடத்தில் நிலத்தடித் தண்ணீர் பாறையோடு நெடுநாள் ஊறிக் கிடப்பதால் அது கரைந்து வருகிறது. மலையில் மழை கழுவிக் கொண்டுபோய்விடுகிறது. பேராசிரியர் சி. பி. திசாநாயக்கவும் வீரசூரியவும் 1985இல் வெளியிட்ட இலங்கையின் நீர்-புவி இரசாயன வரைபட நூல் இந்தப் பிரிவினையைத் தாளில் போட்டுக் காட்டிவிட்டது. நமக்கு இது புதிதுமல்ல. 1937லேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், பற்கள் மட்டுமல்ல, முதுகெலும்பே இறுகிப்போன கிராமத்தவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் புளோரைடுக்குச் சொல்கிற எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். இலங்கைத் தரம் 1.0. வெயில் நாட்டில் ஆள் அதிகம் குடிப்பார்; தண்ணீர் கூடினால் அதோடு போகிற புளோரைடும் கூடும். கொதிக்கவைத்தால் ஆவியாவது தண்ணீர் மட்டும். புளோரைடு கேத்தலிலேயே நின்று, மிஞ்சிய தண்ணீரில் இன்னும் செறிவாகும். அந்தத் தாயிடம் இதைச் சொல்வது தண்ணி மிஸ்ஸுக்கு எளிதாக இல்லை. மலையில் அவரைப் போன்றவர்களே வீடு வீடாகப் போய் ஊட்டிய பழக்கம் அல்லவா? கொதிக்கவைப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. அது தீர்க்காத ஒன்று இங்கே இருக்கிறது என்றார். பல்லின் எனாமல் ஈறுக்குள் உருவாகிற வயதில் குடித்ததுதான் கோடாக நிற்கிறது. பன்னிரண்டு வயதுப் பல்லில் தெரிவது மூன்று நான்கு வயதுத் தண்ணீர். ஆகவே மூத்தவனைவிடக் கைக்குழந்தைக்குத்தான் அவசரம். கூரையில் விழும் மழைத் தண்ணீரைச் சேர்த்துச் சின்னவளின் கஞ்சிக்கும் குடிக்கவும் வைத்துக்கொள்ளச் சொன்னார். செங்கல் துண்டு நிரப்பிய குழாய் வடிகட்டி ஒன்றும் உண்டு. நீர் வழங்கல் சபையின் இரசாயனவியலாளர் பத்மசிரி 1990களில் எழுதிப் பரப்பியது. நன்றாகச் சுடாத செங்கல் புளோரைடைப் பிடித்துக்கொள்ளும். நிறைந்ததும் செங்கல்லை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் அது வெறும் குழாய்.

தண்ணீரின் வன்மை பார்க்கிற சோதனையை அவர் எப்போதும் ஊர்க்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார். தண்ணீரில் சாயம் போட்டால் பீட்ரூட் சாறு நிறம், ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டாக விட வேண்டும். நீலமாகும் வரை எத்தனை சொட்டு என்பதே கணக்கு. சுற்றி நிற்கும் பெண்கள் சத்தமாக எண்ணுவார்கள். பருப்பு வேகாததும் கேத்தலில் வெள்ளை ஒட்டுவதும் எதனாலென்று அந்தச் சொட்டுகள் சொல்லிவிடும். எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். வடக்கே அதைத் தாண்டாத கிணறு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வில்கமுவவில் கேள்வி வேறு. “கிட்னி வருத்தம் தர்ற தண்ணியா இது? அதைப் பார்த்துச் சொல்லுங்க.” நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளுக்கு வருகிற அந்தச் சிறுநீரக நோய் 1990களில் வட மத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது, வில்கமுவவும் அதன் பிடியில் உள்ள இடங்களில் ஒன்று. புளோரைடு, வன்மை, கட்மியம், களைநாசினி, வெயிலில் உடல் வற்றுதல் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள். 2015இல் கிளைபோசேட் என்ற களைநாசினியைத் தடைசெய்தும் பார்த்தார்கள். இதுதான் காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. எனவே ‘கிட்னித் தண்ணீர்’ என்று காட்டுகிற சாயம் எந்தப் பையிலும் இல்லை என்பதைத்தான் தண்ணி மிஸ் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊருக்குக் கெட்ட பெயர் வந்தால் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று கிணற்றைப் பார்க்கவே விடாத வீடுகளும் உண்டு; அவர் வற்புறுத்துவதில்லை.

இந்தப் பயத்துக்குள்தான் வடிகட்டி வியாபாரிகள் வருகிறார்கள். இரண்டு இரும்புக் கம்பியைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்ச, தண்ணீர் செந்நிறச் சேறாகிறது. பக்கத்துக் கிளாஸில் அவர்களுடைய வடிகட்டியில் வந்த தண்ணீர், அப்படியே தெளிவு. கூட்டம் வாயைப் பிளக்கும். சேறாக வந்தது கம்பியின் இரும்பு! உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், கம்பி கரையும். உப்பு நீக்கிய தண்ணீரில் ஓடாது, அவ்வளவுதான். தண்ணி மிஸ் ஒருமுறை வியாபாரியின் கிளாஸில் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டு அதே கம்பியை விடச் சொன்னார். அந்த ஊரில் அன்று வியாபாரம் நடக்கவில்லை. உப்பு நீக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வேண்டாம் என்பதல்ல. வில்கமுவ போன்ற இடங்களில் கடற்படையும் மற்றவர்களும் அமைத்த சமூக ஆர்.ஓ. நிலையங்கள்தான் பலருக்குக் குடிநீர். ஆனால் அவற்றின் குழாய் வாயிலும் போத்தல் பிடித்துப் பார்க்க வேண்டும். உப்பைக் காட்டுகிற டி.டி.எஸ். பேனா கிருமியைக் காட்டாது.

அறிக்கை ஆங்கிலத்தில் வரும். கடைசி வரி ‘குடிப்பதற்கு உகந்ததல்ல’ என்பது. வேறு தண்ணீர் இல்லாத ஊருக்கு அந்த வரியால் என்ன பயன் என்பதில் தண்ணி மிஸ்ஸுக்கும் மேலதிகாரிகளுக்கும் பலமுறை வாக்குவாதம் வந்திருக்கிறது. அவர் பின்பக்கத்தில், தமிழிலோ சிங்களத்திலோ, கையால் எழுதுவார்: இன்றைக்கு என்ன செய்வது, மழைக்கு முன் என்ன செய்வது, யாரிடம் கேட்பது. முத்திரை இல்லாத அந்தப் பக்கத்தைத்தான் ஊரில் சுவரில் ஒட்டுகிறார்கள்.

“போன வருசப் பேப்பர்ல நல்லதுன்னுதானே இருக்கு, திரும்ப எதுக்குங்க காசு?” என்று பொருளாளர்கள் கேட்பது வழக்கம். நியாயமான கேள்வி. அதற்குத் தண்ணி மிஸ் மலைக்கும் சமவெளிக்கும் வேறு வேறு பதில் வைத்திருக்கிறார். கலேவெலயில் பாறை மாறப்போவதில்லை; புளோரைடை ஒருமுறை சரியாகப் பார்த்துவிட்டால் சில வருடத்துக்கு ஒருதடவை போதும். வெங்காயத்துக்கு உரம் அள்ளிப் போடுகிற இடத்தில் ஆழமில்லாத கிணறு என்றால் நைத்திரேற்று மட்டும் அடிக்கடி. மலையில் பங்குனி வெயிலில் பிடித்த போத்தல் எதற்கும் சாட்சியில்லை. முதல் மழைக்கு மறுநாள் பிடிக்க வேண்டும். குளோரின் மட்டும் வாராவாரம், அதை ஊரே பார்த்துக்கொள்ளலாம்.

ரத்தோட்டைக்கு மேலே அந்தத் தோட்டத்தில் டி.பி.டி. மாத்திரைப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வரப் போனபோது, அதை யார் வைத்துக்கொள்வது என்பதில் கூட்டம் நீண்டது. தலைவர் வீடு ஒரு கட்சி, பொருளாளர் வீடு இன்னொரு கட்சி. கோயிலில் வைக்கலாம் என்றார் ஒருவர். வெள்ளிக்கிழமை மட்டும்தான் திறக்கும் என்றார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பால் கரைக்கிற அம்மா, “எங்கிட்ட குடுங்க மிஸ், நாந்தானே விடிய முதல் குழாயைத் திறக்கிறேன்” என்றார். தண்ணி மிஸ் அவரைக் கூட்டிக்கொண்டுபோய், மாத்திரையைக் கையால் தொடாமல் தாளைக் கிழித்து நேரே குழாய்த் தண்ணீருக்குள் தள்ளும் விதத்தைக் காட்டிக்கொடுத்தார்.